குனி டாக்டரும் என் தந்தையாரின் மாரடைப்பும்

குனி டாக்டரைப் பற்றிப் பாகூரில் வழங்கும் கதைகளில் பாதியை அவரே நம்பியிருக்க மாட்டார். ஆகவே நான் நேரில் கண்டதும், கண்டவர் இருவரேனும் ஒப்புக்கொண்டதும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. அந்த வரம்புக்குள் நின்றே சொல்கிறேன்: எழுபதுகளில் எங்கள் கொம்யூன் ஊராட்சியில் அவரளவுக்கு மனிதர்களைக் குனியவைத்தவர் எவருமில்லை, வரி வசூலிக்க வந்தவர் உட்பட.

நெஞ்சுவலி என்று அரசு மருந்தகத்துக்குப் போனால், முதலில் படுக்கச் சொல்வார். பிறகு உட்காரவைத்து, "முன்னாடி குனி" என்பார். நகரத்தில் எடுத்த ஈ.சி.ஜி.யைக் கையில் கொடுத்தால் அதை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு ஆளைப் பார்ப்பார். ஓடும் பேருந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட வெற்றிலை வியாபாரியையும் அவர் விடவில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் சாட்சி. வெளியூரார் எங்களை மிகுந்த பணிவுள்ளவர்கள் என்று எண்ணியதற்கு வேறு காரணம் கிடையாது. குனிந்தும் வலி குறையாத பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தாமே ஜீப்பில் ஏற்றி நகரத்துக்கு விரைந்தவரும் அவரே.

நெல்லும் கரும்புமாக நிலம் வைத்திருந்த என் தந்தையாருக்குக் காய்ச்சல் விட்ட சில நாளில் நெஞ்சு வலித்தது. நகரத்து மருத்துவர் எடுத்த ஈ.சி.ஜி.யில் கோடுகள் மேலெழும்பியிருந்தன. மாரடைப்பு என்றார். மருத்துவமனையில் தங்கத் தந்தையார் மறுக்கவே, வீட்டில் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும்படி உத்தரவிட்டார்.

அக்காலத்தில் மாரடைப்பு சீமான்களின் நோய். எங்கள் தெருவில் அதை முதலில் பெற்றவர் தந்தையாரே. அதுவரை கொய்யாவோடு வந்த உறவினர்கள் ஆப்பிளோடு வந்தார்கள்.

படுத்தால் வலி மிகுந்தது. எழ முயன்றவரை அத்தை அழுத்திப் படுக்கவைத்தார். வலி இன்னும் மிகுந்தது. முடிவு நெருங்கிவிட்டதென்று வீடு தீர்மானித்தது.

"அண்ணன் கண்ண மூடறதுக்குள்ள பொண்ணு கழுத்துல தாலிய பாத்துடட்டும்," என்றார் அத்தை. மாப்பிள்ளை அவருடைய மகன். கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த என்னை அழைத்துவந்தார்கள். "படிப்பு எங்கடி ஓடிடப்போவுது?" என்று என் புத்தகங்களைப் பரணில் ஏற்றினார் அத்தை.

திருமணத்துக்கு முதல்நாள், ஊசி போட வந்தார் குனி டாக்டர். ஈ.சி.ஜி.யைக் கவிழ்த்துவைத்தார்.

"எழுந்து உக்காருங்க, பெரியவரே."

அத்தை குறுக்கே வந்தார். "எழவே கூடாதுன்னு பெரிய டாக்டரு சொல்லிக்கீறாரு."

"வலி அவருக்கு. நீங்க நவுருங்கம்மா."

தந்தையார் தலையணையை அணைத்துக்கொண்டு முன்னே குனிந்தார். முகம் தெளிந்தது. "இன்னா டாக்டரே, வலி கொறைஞ்சிக்கினே வருது?"

டாக்டர் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். "உள்ள புதுச்செருப்பு மாதிரி கிறீச்சுங்குது," என்றவர், அதன் பிறகே காகிதத்தை நிமிர்த்தினார்.

"ஏரியில ஒரு மதகு அடைச்சிக்கினா இன்னா ஆவும்?"

"அந்த மதகுல பாயற வயலு காயும்."

"எல்லா வயலும் ஒண்ணா முழுகிப்போனா?"

"அதுக்கு மதகு காரணமில்ல. மேல மழ பேஞ்சிருக்கும்."

"இங்கயும் அப்படித்தான். ஒரு பக்கத்துக் கோடு மட்டும் எழும்பல. அநேகமா எல்லாமே எழும்பிக்கீது. அடைப்பு வலி குனிஞ்சா கொறையாது. இது அடைப்பு இல்ல. காய்ச்சலுக்கு அப்புறம் இதயத்த சுத்தி இருக்கிற பை புண்ணாயிக்கீது. இன்னொரு படம் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். மாத்திரையில ஆறிடும்."

"பையா?" தந்தையார் மூலையிலிருந்த ஆப்பிள்களைப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் ஹார்ட்டுன்னு சொல்லிட்டனே."

என் தாயார் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "அப்ப நாளைக்கி இன்னாத்துக்குக் கண்ணாலம்? பொண்ணு போய்ப் பரிச்ச எழுதட்டும்."

அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"குனிங்கம்மா," என்றார் டாக்டர்.

இரண்டாவது படமும் அவர் சொன்னதையே சொன்னது. தந்தையார் அதன்பின் பல போகம் அறுத்தார். நான் தேர்வெழுதித் தமிழாசிரியையானேன். டாக்டர் அவ்வாண்டே மாற்றலாகிப் போனார். எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. இப்போது இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில், அன்று அவருக்கு யாரேனும் ஒரு வாய் காப்பி கொடுத்தார்களா என்பதும் எனக்குத் தெரியவில்லை.