மாடியிலிருந்து பெண் பார்த்த படலம்

லாஸ்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு அப்பா லூயிஸ் ஆசியுடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியம். தரையிலோ வானத்திலோ, நீ எங்கிருந்தாலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம்.

நிற்க. கிளாட்வின் வீட்டார் தவளக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். உனக்கோ லீவு இல்லை. பெங்களூரிலிருந்து இங்கே வரும் காலை விமானத்தை ஓட்டுவதே உன் டியூட்டி என்றாய். நம் மொட்டை மாடியில் நின்றால் ஓடுபாதை தெரியுமே, நீ விமானத்தை இறக்குவதையே பெண் பார்த்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அவர்களும் இன்று காலை வேன் பிடித்து வந்துவிட்டார்கள். ஷாமியானா, நாற்காலி, கேசரி எல்லாம் தயார். பனிதான் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக்கூட மறைத்துவிட்டது. சத்தம் கேட்டதும் எல்லாரும் எழுந்து நின்றோம். சத்தம் கிட்டே வந்தது, தலைக்கு மேலே உறுமியது, அப்படியே மேலே ஏறிப் பெங்களூருக்கே திரும்பிப் போய்விட்டது!

கிளாட்வினின் அம்மா வேளாங்கண்ணி அம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “வாசல் வரிக்கும் வந்துட்டு திரும்பிப் போற பொண்ணு, நாளைக்கு கோயில்ல சம்மதமான்னு சாமியார் கேக்கறப்போவும் திரும்பிட்டா என்னா பண்றது?” என்றார். எனக்கு மானம் போய்விட்டது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நாளைக் காலைப் பூசை முடிந்ததும் முடிவு சொல்வதாக அவர் மட்டும் இங்கே தங்கியிருக்கிறார்.

நீ போனில் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் உயரம் முன்னாலேயே குறித்திருக்குமாம், அதுவரை இறங்கியும் ஓடுபாதை தெரியாவிட்டால் யோசிக்கவே கூடாதாம், ஏறிவிட வேண்டுமாம். அதெப்படியம்மா யோசிக்காமல் இருக்க முடிகிறது? பக்கத்தில் இருக்கும் பைலட் ‘இறங்கிடலாம்’ என்றால்? நம் ஷாமியானாவாவது தெரிந்ததா? பிறந்து வளர்ந்த ஊர்தானே, ஒரு குத்துமதிப்பாக இறங்கியிருக்கக் கூடாதா? அடுத்த முறை நம்மாட்கள் பார்க்கும்போது கொஞ்சம் அனுசரித்துப் போ.

வேளை தவறாமல் சாப்பிடு, ஜெபமாலையை மறக்காதே. அம்மாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
லூயிஸ்

பி.கு.: இது திங்கட்கிழமை. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள், என் வலது கையில் கட்டு. காலையில் வேளாங்கண்ணி அம்மாளை ஸ்கூட்டரில் பூசைக்கு அழைத்துப் போனேன். அதே பனி. ரோடே தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று ரெண்டு தரம் தோன்றியது. சம்பந்தியம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவாரே, பழகின ரோடுதானே என்று ஓட்டினேன். நேராக வாய்க்கால். “பர்தோன், மதாம்” என்று பிரெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “ஒங்க பொண்ணு ஓட்டியிருந்தா திரும்பியிருக்கும் இல்ல?” என்றார். தை மாதமே கல்யாணம் என்று முடிவும் சொல்லிவிட்டார்.

மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிடு கண்ணு. தெரியலேன்னா ஏறிடு. கீழே யாரு நின்னாலும் சரி, நானே நின்னாலும் சரி.