காந்தத்துக்கு ஒட்டாத தூள்

இரண்டு டப்பாக்களின் லேபிளையும் கிழித்தது அமலதாஸ்தான். பழையது அழுக்காக இருக்கிறது, புதிதாக எழுதி ஒட்டலாம் என்று நினைத்தார். கிழிக்க நேரம் கிடைத்தது, ஒட்டக் கிடைக்கவில்லை. அதற்குள் சாம்பல் புதன் வந்துவிட்டது.

திண்டிவனத்தில் காலைப் பூசை முடிந்து, முந்நூறு பேர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அமலதாஸ் ஸ்கூட்டர் சீட்டில் பையை வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு டப்பா, கறுப்புத் தூளோடு. விடியற்காலை அவசரத்தில் கோயிலுக்குக் கொடுத்த டப்பாவிலும் கறுப்புத் தூள். இதில் எது எது?

பக்கத்தில் நின்ற மனைவியிடம் சொன்னார்.

ஒன்று, குருத்தோலையைச் சுட்டெடுத்த சாம்பல். கல்லூரி இயற்பியல் வாத்தியார் அமலதாஸிடம் நல்ல கல்வம் இருக்கிறது, மைதா மாதிரி அரைத்துத் தருவார் என்று போன வருஷத்திலிருந்து அந்த வேலையைக் கோயிலில் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். இன்னொன்று அவருடைய பிஎச்.டி. கோபால்ட் ஃபெரைட் நானோ துகள். உப்புகளைச் சிட்ரிக் அமிலத்தோடு கரைத்துப் பாகாகக் காய்ச்சி, அது குபீரென்று பற்றியெரிந்து மிஞ்சிய கரும்பஞ்சை அரைத்து, உலையில் ஆறு மணி நேரம் சுட்டது. கோபால்ட் சிலர் தோலுக்கு ஆகாது. தடித்துக் கொப்புளிக்கும்.

"இதுக்குப் போயி இப்படி வேர்க்குதா?" என்றாள் வெனிலா. "காந்தத்த வச்சிப் பாருங்க. ஃபெரைட்டுன்னா ஒட்டும்னு நீங்கதான சொல்லிக்கினே இருப்பீங்க?"

"ஊர்ல இருக்கற ஃபெரைட்டெல்லாம் ஒட்டும். என்னோடது ஒட்டாது."

ஒட்டாததுதான் அவருடைய கண்டுபிடிப்பு. போன வருஷம் தை மாசம் காய்ச்சியதும் எக்ஸ்ரே சோதனைக்கு அனுப்பினார். அப்பழுக்கில்லாத கோபால்ட் ஃபெரைட் என்று முடிவு வந்தது. அடுத்து, சாம்பல் புதன் கழிந்து தவக்காலத்தில், டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை காந்த அளவீட்டுக்குப் போனது. காந்தமே இல்லை. விழுப்புரத்தில் இருக்கும் நெறியாளர் சக்கரபாணி முதலில் திட்டினார். இரண்டு நாள் கழித்து, "இது உலகத்துக்கே புதுசுய்யா" என்றார். துகள் ரொம்பச் சிறிசானால் அதன் காந்தம் செத்துவிடுகிறது என்று எண்பது பக்கம் எழுதியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு.

அமலதாஸ் மனைவியின் நெற்றியை உற்றுப் பார்த்தார். "அரிக்குதா?"

"இல்லியே." வெனிலா யோசித்தாள். "நீங்க கேட்டப்புறம் லேசா அரிக்குது."

அமலதாஸ் கேட்டருகே நின்ற மெக்கானிக் ஆன்டனியிடம் போனார். "ஆன்டனி, நெத்தில எரிச்சல் கிரிச்சல் எதுனா?"

"ஏன் சார்?"

"சும்மாதான்."

சும்மா யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆன்டனியின் கை நெற்றிக்குப் போனது. அதைப் பார்த்த பக்கத்து ஆளின் கையும் போனது. பத்து நிமிஷத்தில் கோயில் வாசலே சொறிந்துகொண்டு நின்றது. ஒவ்வொரு சொறியும் அமலதாஸுக்கு ஆதாரமாகத் தெரிந்தது.

கைக்குட்டையைக் குழாயில் நனைத்துக்கொண்டு ஓடிவந்தார். "தொடச்சிக்குங்க, ஜல்தியா தொடச்சிக்குங்க."

"சாம்பல் புதன்ல சாம்பலத் தொடைக்கச் சொல்றியே, நீ எந்தக் கட்சிப்பா?" என்றார் ஒரு பெரியவர்.

"அலர்ஜிங்க."

அந்தச் சொல் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போது, ஃபாதர் ஏதோ மருந்தைப் பூசிவிட்டார் என்று ஆகியிருந்தது.

ஃபாதர் இருதய அருண் காதில் ஃபோனோடு நின்றார். "இது பதினோராவது ஃபோன், சார். யாரோ கேட்டாண்ட நின்னு கெளப்பிவுடறாங்களாம்."

"மீதி சாம்பல் எங்க ஃபாதர்?"

"எடுத்து வச்சிருக்குது. சாயங்காலம் கிளியனூர்ல பூசை."

"அத நிறுத்தணும்."

"ஏன்?"

"அதுல ஒருவேளை என் தீசிஸ் கலந்திருக்கலாம்."

ஃபாதர் அவரை நிதானமாகப் பார்த்தார். "மனுஷன் மொத்தமும் மண்ணுக்குத்தான் போறான், சார். தீசிஸ் மட்டும் தப்பிக்குமா?" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவது ஃபோனை எடுத்தார்.

அமலதாஸ் விழுப்புரத்துக்கு ஃபோன் போட்டார்.

"சார், நம்ம தூளையும் ஓலைச் சாம்பலையும் எப்படிப் பிரிச்சிப் பார்க்கறது?"

"இதென்னய்யா கேள்வி? நம்ம தூளு கறுப்பா இருக்கும், நைசா இருக்கும், காந்தத்துக்கு ஒட்டாது."

"சாம்பலும் அப்படித்தான சார்?"

"திங்கக்கெழம இந்தக் கேள்விய நீயே எடுத்துக் குடுக்காத," என்று சக்கரபாணி ஃபோனை வைத்தார்.

கோயில் பின்னறையில் அற்புதமேரி இருந்தார். பீடத்துச் சாமான்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். முக்காலியில் உட்கார்ந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். அமலதாஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, யாரும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்கதான டப்பாவ வாங்கி வச்சீங்க. காலைல நான் குடுத்தது சாம்பலா, வேறயா? சின்னப் பிள்ளைங்கல்லாம் பூசிக்கினு போயிருக்குது. என் பட்டம் போனாப் போவட்டும், அதுங்க நெத்திக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"அய்யே, இதுக்கா இந்த பேஜாரு?" அற்புதமேரி நிமிர்ந்தார். "சுத்தமான சாம்பல்தான் சார். நான் பார்த்துட்டுத்தான் ஃபாதர்கிட்ட குடுத்தேன்."

அமலதாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்நூறு நெற்றிகளும் பத்திரம். வாழ்நாளில் இத்தனை லேசாக அவர் மூச்சு விட்டதில்லை.

"எப்படிக்கா இவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

அற்புதமேரி தேய்த்துக்கொண்டிருந்ததைத் தூக்கிக் காட்டினார். பீரோக் கதவில் ஒட்டி வைக்கிற, பின்னால் காந்தம் வைத்த சின்ன மாதா படம். ஓரமெல்லாம் கறுப்புத் தூள் முள் முள்ளாக நின்றது.

"இந்த வருஷம் சரியாத்தான் சார் குடுத்தீங்க. போன வருஷம் குடுத்தீங்களே, அத யாரு நெத்திக்கும் வுடாம எங்கூட்டு அடுப்புச் சாம்பல வச்சி சமாளிச்சேன். டப்பாவத் தொறந்து பக்கத்துல வச்சதும் எழுந்து வந்து இதுல ஒட்டிக்கினதுதான், ஒரு வருஷமா தேய்ச்சிக்கினே இருக்கறேன், போவவே மாட்டேங்குது."