வீட்டு விலை

நாற்பத்திரண்டாவது பிறந்த நாளன்று காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். அடுத்த பிறந்த நாளுக்குள் டெல்பர்ட் ரஸ்ஸமாகிய நான் ஒரு ரோட்ஸ்டர் காருக்குச் சொந்தக்காரனாகிவிட வேண்டும். இருபத்தொன்பதாம் வருஷத்து ஃபோர்டு. அசல் இரும்புக் கூடு. உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சின். கிளப்பினால் ஃபௌலர் ஊர் முழுக்க ஜன்னல் அதிர வேண்டும்.

சபதத்தை என் மனைவி வெல்டாவிடம் சொல்லவில்லை. என் சபதங்கள் அவள் காதில் விழுந்தால் விண்ணப்பங்களாகிவிடும்.

ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது. பக்கக் கண்ணாடி கிடையாது. மூன்றாவது ஆள் உட்கார இடம் கிடையாது. இத்தனை இல்லாததற்கும் சேர்த்துத்தான் விலை. நானோ உலர்திராட்சை ஆலையில் மேஸ்திரி. ஊர் திராட்சையெல்லாம் என் கண் முன்னால்தான் காய்ந்து சுருங்குகிறது. சம்பளமும் அதே பக்குவத்தில்தான் என் கைக்கு வருகிறது.

அன்று சாப்பாட்டு மேசையில் வெல்டா ஆரம்பித்தாள்.

"ஏங்க, துணி துவைக்கிற மெஷின் செத்துப்போச்சு."

"ரிப்பேர் பண்ணிடலாம்."

"மூணு தடவை பண்ணீங்க. அதுக்கப்புறம்தான் செத்துச்சு."

"புதுசு என்ன விலை?"

"இருநூத்துப் பத்தொன்பது டாலர்."

"இருநூத்துப் பத்தொன்பதா! பெட்ரோலுக்கே வரிசைல நிக்கிற காலம் இது. காசு போட்டுத் துவைக்கிற கடை இருக்கே, அங்க போயேன்."

"ஒண்ணரை மைல். பிக்கப் வண்டியை நீங்க வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுறீங்க. கூடையைத் தூக்கிட்டு நடக்கவா?"

"நடந்தா உடம்புக்கு நல்லது."

இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுச் செலவைக் கட்டுப்படுத்தும் குடும்பத் தலைவன் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்தேன். வெல்டா காலிக் காப்பி டப்பா ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று மாதம் வண்டி தேடினேன். முதல் ஆள் சொன்ன விலைக்கு எங்கள் வீட்டையே வாங்கலாம். இரண்டாவது ஆளின் ரோட்ஸ்டருக்குள் அத்தி மரம் முளைத்துக் காய்த்திருந்தது. "விக்கிறதா இல்ல. ஒருநாள் நானே சரிபண்ணி ஓட்டுவேன்" என்றார். அவருக்கு எண்பத்தொரு வயது. எங்கள் பக்கத்தில் கொட்டகைக்கு ஒரு வண்டி துருப்பிடித்துக் கிடக்கும், சொந்தக்காரர்கள் எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

கடைசியில் கேருதர்ஸ் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் கண்டுபிடித்தேன். கதவில் ஒரு சேவல் நின்றுகொண்டிருந்தது. சீட்டில் நாலு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

"வண்டி விலைக்கு வருமா?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"வண்டியா? அது கோழிக்கூண்டுங்க."

"சரி, கோழிக்கூண்டு என்ன விலை?"

"அறுநூறு டாலர்."

"கோழிக்கூண்டுக்கா?"

"கூண்டுக்குப் பத்து டாலர்தான். உங்க கை இப்படி நடுங்குதே, அதுக்கு ஐநூத்தித் தொண்ணூறு."

கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது. மீன்பிடிப் படகை விற்று அறுநூறு கொடுத்தேன். அவர் மனம் இரங்கி ஒரு டஜன் முட்டை இனாமாகக் கொடுத்தார்.

வண்டியை நேராக வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்துத் தோட்டத்து வார்த்தானின் டிராக்டர் கொட்டகையில் இறக்கினேன். வார்த்தான் எங்கள் ரோட்ஸ்டர் சங்கத்தின் தலைவர். ஏழு உறுப்பினர்கள். கையெழுத்து அழகாக இருப்பதால் நான் செயலாளர்.

"வீட்ல என்ன விலை சொல்லப்போறே?" என்றார்.

"உண்மையைத்தான்."

வார்த்தான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "யோவ், உனக்கு என்ன பைத்தியமா? மத்த ஆறு பேருக்கும் குடும்பம் இருக்குய்யா!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஒரே மாதிரி கார்புரேட்டர் வாங்கினார்கள். ஒருவன் மனைவியிடம் ஐந்து டாலர் என்றான். இன்னொருவன் முப்பது என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் அந்த இரண்டு பெண்மணிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு ஏழு ஆண்களும் டப்பாவில் அடைத்த பீன்ஸ்தான் சாப்பிட்டோம்.

அந்த வாரம்தான் சங்கம் ஒரு பட்டியல் போட்டது. வண்டியின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே விலை, ஏழு வீட்டிலும் ஒரே பேச்சு. அதற்கு வீட்டு விலை என்று பெயர். கடையில் நிஜமாகவே கொடுப்பது வெளி விலை. கூடு நாற்பது, எஞ்சின் ஐம்பத்தைந்து, கியர் பெட்டி இருபது. ஏழு பிரதி எடுத்தவன் நான்தான், என் அழகான கையெழுத்தில்.

"நாப்பது டாலரா!" என்று வெல்டா ஆச்சரியப்பட்டாள். வண்டி எங்கள் ஷெட்டுக்கு வந்த நாள் அது. "இவ்ளோ பெரிய வண்டியா?"

"ஒரு டஜன் முட்டை வேற இனாம்."

"உங்களுக்குப் பேரம் பேசத் தெரியும்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே. அந்த மெஷினுக்கும் கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

"அது வேற லைன் வெல்டா."

எஞ்சினுக்கு வெளி விலை எழுநூறு. அதற்கு ஆலையில் ஓவர்டைம் செய்தாக வேண்டும். ஓவர்டைம் என்று சொன்னால் பணம் எங்கே என்பாள். அதனால் கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடப் போவதாகச் சொன்னேன். ஊர் சுற்றிவிட்டு வேலைக்குப் போனதாகப் பொய் சொல்லும் கணவர்கள் உலகத்தில் நிறைய. மாங்கு மாங்கென்று வேலை செய்துவிட்டு ஊர் சுற்றியதாகப் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் பௌலிங் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். பைக்குள் பந்து கிடையாது. வெளி விலை ரசீதுகளையும் சங்கத்தின் பட்டியலையும் அதில்தான் ஒளித்து வைத்திருந்தேன். ஆண் பிள்ளையின் பௌலிங் பையை எந்த மனைவி திறந்து பார்க்கப் போகிறாள்?

"இன்னிக்கு எத்தனை பாயின்ட்?" என்பாள் திரும்பி வந்ததும்.

"நூத்தி அறுபது."

"பரவால்லையே. ஆனா அந்த பௌலிங் கூடத்துல ஏங்க இப்படித் திராட்சை வாசனை அடிக்குது?"

"பக்கத்துல பேக்கரி இருக்கு."

அவள் நம்பிவிட்டாள். அப்பாவிப் பெண்.

இப்படியே அந்த வருஷம் ஓடியது. வியாழக்கிழமைதோறும் வெல்டா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து போனாள், ஈரத்துணியோடு நடந்து வந்தாள். மூடுபனிக் காலத்தில் வாசலைத் தாண்டியதும் அவள் மறைந்துவிடுவாள், இருமல் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். எனக்கு மனசாட்சி உறுத்தியது. உறுத்தும்போதெல்லாம் வண்டிக்கு இன்னொரு கோட் சிவப்புப் பெயின்ட் அடித்தேன்.

நாற்பத்து மூன்றாவது பிறந்த நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. காலையில் வண்டியைக் கிளப்பினேன். ஊர் ஜன்னலெல்லாம் அதிர்ந்ததோ இல்லையோ, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வார்த்தானும் அவர் மனைவி சிரானுஷும் ஒரு தட்டு பக்லவா இனிப்போடு வாழ்த்த வந்தார்கள். நாலு பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம்.

"மொத்தம் எவ்வளவுங்க ஆச்சு?" என்றாள் வெல்டா, காப்பியை ஊற்றிக்கொண்டே.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "இருநூத்துப் பன்னிரண்டு டாலர். பெயின்ட் உள்பட."

"அப்படியா? அப்ப நானே வாங்கிக்கிறேன்."

காப்பி டப்பாவை மேசை மேல் கவிழ்த்தாள். ஒரு வருஷமாக அவள் சேர்த்த பணம். சில்லறையும் கசங்கிய நோட்டுமாக என் பக்லவா வரை உருண்டு வந்தது.

"என்ன விளையாட்டு இது வெல்டா? வண்டி விக்கிறதுக்கு இல்ல."

"மெஷின் வாங்கலாம்னுதான் சேத்தேன். இருநூத்துப் பத்தொன்பது. ஆனா வண்டி அதைவிட ஏழு டாலர் மலிவா இருக்கே! வண்டி இருந்தா நான் ஏன் நடக்கணும்? கூடையைப் பக்கத்து சீட்ல வெச்சுட்டு ஜம்முனு போயிட்டு வருவேன்."

"வெல்டா, அந்த வண்டிக்கு விலையே கிடையாது!"

"இப்பதானே இருநூத்துப் பன்னிரண்டுன்னீங்க?"

"என் உழைப்பு? அதுக்கு என்ன விலை?"

"எந்த உழைப்பு? வாரத்துல மூணு நாள் பௌலிங் ஆடினீங்க. மிச்ச நாள் ஷெட்ல விசில் அடிச்சுட்டு இருந்தீங்க. 'இது வேலை இல்ல வெல்டா, இது சந்தோஷம்'னு நீங்கதான் சொன்னீங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே வார்த்தானின் முகம் தெரிந்தது. அவர் பக்கத்திலேயே சிரானுஷ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வார்த்தானின் வண்டிக்கு இதுவரை வெளி விலை நாலாயிரம், வீட்டு விலை நூற்றுத் தொண்ணூறு. அவருடைய தலை மிக மெதுவாக இடமும் வலமும் ஆடியது. நான் வாயைத் திறந்தால் ஏழு வீட்டில் பீன்ஸ் டப்பா திறக்கும்.

"நீங்களே சொல்லுங்க வார்த்தான்," என்றாள் வெல்டா. "உங்களுக்குத்தான் வண்டி விலையெல்லாம் அத்துப்படி. இருநூத்துப் பன்னிரண்டு நியாயம்தானே?"

வார்த்தான் என்னைப் பார்த்தார். சிரானுஷைப் பார்த்தார். பிறகு பக்லவாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொஞ்சம் ஜாஸ்திதாம்மா."

"பாத்தீங்களா? அப்ப இருநூறுக்கு முடிச்சுக்கலாம்."

"வெல்டா, கொஞ்சம் யோசிச்சு..."

"டெல்பர்ட் யூஜின்!"

எங்கள் வீட்டில் என் நடுப்பெயரும் சேர்ந்து ஒலித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வண்டியின் ரோஸ் நிற உரிமைப் பத்திரத்தையும் பேனாவையும் அவள் கொண்டுவந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். "எவ்வளவு அழகான கையெழுத்து!" என்றாள் சிரானுஷ்.

அந்த வியாழக்கிழமை ஊரே பார்த்தது. சிவப்பு ரோட்ஸ்டர். எட்டு சிலிண்டர் உறுமல். ஓட்டுகிற இடத்தில் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய வெல்டா, பக்கத்து சீட்டில் துணிக்கூடை. திரும்பி வரும்போது வெயில் நன்றாக இருந்தது என்று என் ஈரமான உள்பனியன்களை முன் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டிருந்தாள். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டதாம். சங்க உறுப்பினர்கள் நாலு பேர் பெட்ரோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். என் வண்டிக்கு மரியாதையா, என் பனியன்களுக்கு அஞ்சலியா என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் தாங்கினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பிக்கப்பில் வேலைக்குப் போவது எவ்வளவு கொடுமை என்று சொன்னால் புரியாது. கடைசியில் மானத்தை விட்டுவிட்டு இறங்கினேன். முதலில் கடைக்குப் போய் இருநூற்றுப் பத்தொன்பது டாலருக்குத் துணி துவைக்கும் மெஷின் வாங்கி வந்து வைத்தேன். வெல்டாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். என் கன்னத்தைத் தட்டினாள். சமயம் பார்த்துப் பேச்சை எடுத்தேன்.

"இனிமே உனக்கு அந்தக் கடைக்குப் போற வேலை இல்ல. வண்டியைத் திருப்பிக் குடுத்துடேன்."

"விலைக்கா?"

"விலைக்குத்தான். இருநூறுக்கு வாங்கினே. முந்நூறு தரேன். நூறு டாலர் லாபம்!"

வெல்டா எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் என் பௌலிங் பை இருந்தது. அதை மேசை மேல் வைத்தாள். தொப்பென்று சத்தம் வர வேண்டிய பை பஞ்சு மூட்டை மாதிரி உட்கார்ந்தது.

"மாசக்கணக்கா பந்து இல்லாத பையைத் தூக்கிட்டுப் போய் நூத்தி அறுபது பாயின்ட் எடுத்தீங்களே, கை வலிக்கலையா?"

"எப்ப பாத்தே?"

"முதல் வாரமே. நீங்க போடுற பையை நான்தானே எடுத்து வெக்கணும்?"

"அப்ப வார்த்தான் வந்த அன்னிக்கும் உனக்கு..."

"சிரானுஷுக்கும் தெரியும். ஏழு வீட்டுப் பொம்பளைங்களுக்கும் தெரியும். மத்தவங்க வண்டிங்க இன்னும் முடியல, அதான் காத்துட்டு இருக்காங்க. முடியட்டும், பாவம், ஆம்பளைங்க ஆசையாப் பண்றாங்க." ரசீதுகளை எடுத்து அழகாக அடுக்கினாள். "இந்தாங்க. ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது டாலர். குடுத்துட்டு வண்டியை எடுத்துக்கங்க."

"இது அநியாயம் வெல்டா! நீ இருநூறுக்குத்தானே வாங்கினே?"

"வாங்கினது வீட்டு விலைங்க. விக்கிறது வெளி விலை."

ஆகவே மறுபடியும் மலிவாக ஒரு ரோட்ஸ்டர் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஷெட்டிலேயே ஒன்று இருக்கிறது. எனக்குத்தான் கட்டுப்படியாகவில்லை.