தனுஷாவின் துணைப்பாடமும் திரும்பிப்போன மணல் லொறியும்

பெரியகல்லாறு,
செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்குரிய மச்சான் பூபாலபிள்ளை அறிய, ஓய்வுபெற்ற தபால் அதிபர் வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்கா புஸ்பம் நலம், உன் மருமகள் தனுஷா நலம், மாடு கன்று நலம். என்னை மட்டும் கேட்காதே. போனில் பேசினால் உன் அக்காவின் காதில் விழும் என்பதால் பழைய தொழிலையே நம்பி முத்திரை ஒட்டுகிறேன்.

தனுஷா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். துணைப்பாடம் ஒன்று எடுக்கவேண்டுமாம். கணினி எடு, ஆங்கிலம் எடு என்று தொண்டை கிழியச் சொன்னேன். அவள் எடுத்தது பெண்ணியல் கற்கைகள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு ஊர்க்காரர் படிக்கட்டும் மச்சான், மட்டக்களப்பாருக்கு இதைப் படிப்பிப்பது மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்குகிற வேலை. இங்கே வீடும் அது நிற்கிற வளவும் பெண்ணுக்கு. கலியாணம் கட்டினால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். முப்பத்தொரு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் வந்து ஏறினேன். குடி என்கிற வம்சமும் தாய்வழி. பெற்ற மகளே என் குடி இல்லை, உன் குடி. கோயில் திருவிழாவில் அவள் உங்களோடு நிற்கிறாள், நான் தள்ளி நிற்கிறேன். இதற்கு மேல் என்ன கிடக்கிறது படிக்க? பிரஷாந்தி மிஸ் என்று ஒரு விரிவுரையாளர், முப்பது வயதுகூட இராது, அந்தப் பிள்ளை வந்து எங்களுக்குப் பெண்ணைப் பற்றிச் சொல்லித்தரப்போகுதாம்!

அந்தத் துணைப்பாடத்துக்குள் ஒன்பது விருப்பப்பாடம் இருந்ததாம், மூன்றைத் தெரிவுசெய்தாள். ஒன்று ‘வீட்டு உழைப்பு’. வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கிழமை கொப்பியும் கையுமாகத் திரிந்து எழுதினாள். உன் அக்காவுக்கு நாலு பக்கம். எனக்கு நாலு வரி: பேப்பர் வாசித்தார். தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணி ஆறிவிட்டது என்றார். வேறு தேத்தண்ணி கேட்டார். நாற்பது வருடம் அரசாங்கத்துக்கு உழைத்தேனே, அதை எங்கே எழுதினாய் என்று கேட்டால், “அது போன கிழமை இல்லையே அப்பா” என்கிறாள். அதற்குப் பிரஷாந்தி மிஸ் ஏ தரம் வேறு போட்டிருக்கிறாள். மற்றது ‘ஊடகத்தில் பெண்’. அதற்காக நான் பார்க்கிற டிவி நாடகத்தை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டதில், அதில் வருகிற மருமகள் பாலில் நஞ்சு கலந்தாளா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது ‘பெண்களும் சொத்தும்’. அதில்தான் வந்தது வினை. ஆளுக்கொரு காணி உறுதிப் பத்திரத்தை வாசித்துக்கொண்டு வரவேண்டுமாம். உன் அக்கா இந்த வளவின் உறுதியை இத்தனை வருடமும் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தாளே ஒழிய ஒருநாளும் பிரித்துப் பார்த்தவள் இல்லை. நல்ல பொம்பிளை. தனுஷா அலுமாரியைத் திறந்து, தாயைப் பக்கத்தில் இருத்தி, எல்லை முதல் கையெழுத்து வரை சத்தமாக வாசித்தாள். அதே கிழமைதான் நான், வளவின் றோட்டுப்பக்கத் துண்டில் போன் கடை கட்டிக்கொள் என்று என் தம்பி மகன் நிதுர்ஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கோயில் மண்டபத்தில், பத்துப்பேர் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை நிதுர்ஷன் மண் கொட்ட மணல் லொறியோடு வந்து நின்றான். உன் அக்கா உறுதியைப் பிடித்துக்கொண்டு வளவு வாசல் கடப்படியில் குறுக்கே நின்றாள்.

“ஆரைக் கேட்டு மனே மண் பறிக்கப் போறாய்?”

“பெரியப்பாவைக் கேட்டுத்தான் பெரியம்மா.”

“பெரியப்பாட வளவு எங்கயும் கிடந்தா அங்க பறி. இது என்ட வளவு.”

நான் பக்குவமாக, “என்ன புஸ்பம், நான் சொன்னா நீ சொன்ன மாதிரித்தானே” என்றேன்.

“அப்ப மறுகா நான் சொன்னாலும் நீங்க சொன்ன மாதிரித்தானே? நான் சொல்றன், லொறி திரும்பட்டும்.”

லொறிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டே திருப்பினான். அன்றிலிருந்து நான் கோயில் பக்கம் போகவில்லை. நிதுர்ஷன் என்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளை வேறு ஒழுங்கையால் விடுகிறான்.

ஆகவே மச்சான், நீ அந்தப் பல்கலைக்கழகக் கந்தோரில்தானே வேலையில் இருக்கிறாய். அடுத்த அரையாண்டுக்கு இன்னும் மூன்று பாடமாம், பதிய வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். அதில் ஒன்று ‘பெண்களும் சட்டமும்’. உறுதி வாசித்ததற்கே லொறி திரும்பிவிட்டது, சட்டமும் வாசித்தால் நான் எங்கே போய் இருப்பது? அவள் பேரை இதில் வெட்டிக் கணினிப் பாடத்தில் போடு. அப்படியே ஒருநாள் வந்து உன் அக்காவுக்கும் புத்தி சொல்லு. தம்பி சொல்லை அவள் தட்டமாட்டாள். பத்துப்பேர் முன்னால் சொன்ன என் சொல் உன் கையில் இருக்கிறது.

உனக்கும் மனைவி மக்களுக்கும் கண்ணகை அம்மன் எந்தக் குறையும் வைக்காமல் காக்கட்டும். அவளும் பெண்தான், ஆனபடியால் அளவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாதவன் என்று சனிக்கிழமை வரை பேரெடுத்திருந்த
வினாயகமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் உன்னிச்சையிலிருந்து என் மூத்த அக்கா அன்னப்பூரணி போன் எடுத்து ஒரே அழுகை. அவட சீதன வயலை அத்தான் அவவை ஒரு வார்த்தையும் கேட்காமல் தன்ட தம்பிக்காரனுக்குச் செங்கல் சூளை போடக் குடுத்திட்டாராம்! என்ன அநியாயம் மச்சான் இது? காணி ஆர்ட? உறுதி ஆர்ட பேர்ல? பொண்டாட்டி வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டிருக்கிற மனிசனுக்கு இந்தத் துணிவு எங்கால வந்தது? நாளைக்கு விடியத் தனுஷாவையும் அவள் கொப்பியையும் கூட்டிக்கொண்டு உன்னிச்சைக்குப் போறன். நீ பாடத்தை மாற்றிப்போடாதே, அந்தச் சட்டப் பாடத்தைக் கட்டாயம் போடு. பிரஷாந்தி மிஸ்ஸின் போன் நம்பரும் எடுத்து அனுப்பு. ஒரு பொம்பிளைட காணியை அவவைக் கேளாமல் புருஷன்காரன் எடுத்துக் குடுக்க, கூடப்பிறந்த ஆம்பிளை ஒருத்தன் உயிரோட இருந்தால் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பானா? நீயே சொல்லு.