முன்வரிசையில் ஒரு பிரதம விருந்தினர்

முன்வரிசைக் கதிரை தந்தால் பேச்சும் கேட்பார்கள் என்று நம்பி வளர்ந்தவன் நான். எங்கள் ஆட்களின் விழாக்களில் ஒருவருக்குப் போன் எடுத்து, "கட்டாயம் வரவேணும், முன்னுக்கு இடம் வைச்சிருக்கிறம்" என்றால் அவர்தான் பிரதம விருந்தினர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அப்படித்தான் பிர்கித் எனக்குப் போன் எடுத்தார். என் மகள் தாரணி கலியாணம் கட்ட விரும்பிய டெனிஷ் பொடியனின் தாய்; டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் சின்னதாய் ஒரு திரைப்படக் கழகம் நடத்துகிறவர். "பிரெஞ்சு நகைச்சுவைப் படம் ஒன்று போடுகிறோம். முன்வரிசையில் உங்களுக்கு இடம் இருக்கிறது" என்றார். முதல் சந்திப்பு. பெண்ணின் தகப்பன் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தாலும் சபை தெரிந்தவன் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? கோட்டும் டையுமாக வெளிக்கிட்டேன். பையில் ஒரு பொன்னாடை. (எங்கள் அலுமாரியில் அதற்குக் குறைவில்லை. ஒரு விழாவில் எனக்குப் போர்த்தியதை அடுத்த விழாவில் நான் இன்னொருவருக்குப் போர்த்துவேன்.)

"இஞ்சாருங்கோ, படம் பாக்கவோ போறியள், தேர்தலில நிக்கவோ?" என்றாள் மனைவி.

"அப்பா, ப்ளீஸ், அங்க ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்று தாரணி கும்பிட்டாள். என்னோடு எப்போதும் டெனிஷில் கதைப்பவள் தமிழுக்கு இறங்கியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

படம் அருமையான படம். நாடகக் கொட்டகையில் திரை விலகுகிறது. நடிகர்கள் மேடையில் கதிரை போட்டிருந்து சபையைப் பார்க்கிறார்கள். நடிப்பதே இல்லை. சபையில் ஒருவர் தும்முகிறார். நடிகர்கள் எழும்பிக் கைதட்டுகிறார்கள். மறுநாள் பத்திரிகைகள் அந்தத் தும்மலை விமர்சிக்கின்றன! தும்மியவர் பெரிய நட்சத்திரமாகி, கடைசியில் தும்மல் வராமல் அழுகிறார். நான் வயிறு நோகச் சிரித்தேன். பார்க்க வந்தவனையே இப்படிக் காட்சியாக்கிய படத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

விளக்கு எரிந்தது. நன்றி சொல்ல பிர்கித் முன்னே வந்தார். நான் எழுந்துபோய் அவருக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினேன்.

"பெருமதிப்புக்குரிய சபையோரே!" என்று டெனிஷில் தொடங்கினேன். சிரிப்பு. "கலை வளர்க்கும் பிர்கித் அம்மையார் அவர்களே!" சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. என் டெனிஷ் இவ்வளவு எடுபடுகிறதே என்ற உற்சாகத்தில் படத்தின் பெருமையை மூச்சுவிடாமல் பேசி முடித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒரு பெண் வந்து, "நீங்கள் எந்த நாடகக் குழு?" என்று கேட்டார்.

"மீன் தொழிற்சாலை" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் விளங்கியது. என்னை, படத்தின் மிச்சத்தை நடித்துக் காட்டக் கழகம் பிடித்துவந்த ஆள் என்று நினைத்திருக்கிறார்கள்! தாரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். என்னால் பிள்ளையின் கலியாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். பிர்கித்தோ பொன்னாடையைக் கழற்றாமலே என் கையைப் பிடித்து, "எங்கள் கழகத்தில் இப்படி ஒரு மாலைப்பொழுது இருந்ததே இல்லை" என்றார்.

கலியாணம் நடந்தது. டெனிஷ் வழக்கப்படி விருந்தில் பெண்ணின் தகப்பன் முதலில் பேச வேண்டும். இந்த முறை என் பேச்சில் பெருமதிப்பும் இல்லை, அம்மையாரும் இல்லை. "என் பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள்" என்னும்போதே அழுதுவிட்டேன். கழகத்து ஆட்கள் இருந்த மேசை சிரிப்பில் குலுங்கியது. நான் தேம்பத் தேம்பக் கைதட்டலும் கூடியது.

இன்றைக்கும் வீட்டில் நான் உண்மையாகவே கோபப்பட்டுக் கத்தினால், மருமகன் தன் அரைகுறைத் தமிழில் கேட்பான்: "மாமா, இன்னொருக்கா!"