ஈசானிய மூலையில் ஒரு விஞ்ஞானி

ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூர் பொம்மனஹள்ளியில் விஞ்ஞானிகள் உற்பத்தியாகிக்கொண்டிருந்தார்கள். இடம், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. உற்பத்தி செய்பவர் 'பிரம்ம விஞ்ஞானி' கோவிந்தப்பா. வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம், அதோடு உரசிக்கொண்டு ஒரு ஸ்டெதஸ்கோப். எந்தக் கட்சிக்காரரும் குறை சொல்ல முடியாத உடுப்பு.

குழந்தையை ஜமக்காளத்தின் நடுவில் உட்கார வைப்பார். சுற்றிலும் துடைப்பம், கரண்டி, கிரிக்கெட் பந்து, பொம்மை ஆட்டோ, பிறகு நீலத் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாய். குழந்தை தவழ்ந்து போய்க் குழாயைத் தொட்டால் விஞ்ஞானி. அன்று முதல் அந்தக் குழந்தை கோவிந்தப்பாவின் பொறுப்பு. எல்.கே.ஜி.க்குத் தாயத்து, பத்தாம் வகுப்புக்கு யாகம், பிஎச்.டி.க்கு யந்திரம். ஆராய்ச்சி செய்வதற்கு மட்டும் ஏற்பாடு எதுவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆதிகேசவனும் கேட்கவில்லை. அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இவர் ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் வரைக்கும் ஏறியவர். மகன் கிஷோர் இன்னும் மேலே ஏற வேண்டும். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் போன வாரம் பத்து மாதக் கிஷோர் நேராகத் தவழ்ந்து போய்த் துடைப்பத்தைப் பிடித்தான். பிடித்ததோடு விட்டானா, வாயிலும் வைத்தான். ஆதிகேசவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கோவிந்தப்பா கண்ணை மூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். காரணம், ஒன்பதாவது படிக்கும் அக்கா சுப்ரியா. மொட்டை மாடி எறும்புகளுக்குச் சர்க்கரையும் உப்பும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, வீட்டில் திட்டு வாங்கும் பெண். ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் கோடை முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பூச்சிகளை ஆராய்பவர்களோடு கூடவே இருந்து வேலை கற்றுக்கொள்ளலாம்.

"நோடி, இங்க பாருங்க, ஒரே வூட்ல ரெண்டு பேருக்கு விஞ்ஞானி யோகம் நிக்காது," என்றார் கோவிந்தப்பா. "பையனோடத பொண்ணு இழுத்துக்கிறா. முகாமுக்குப் போகமாட்டேன்னு இங்க வந்து சொல்லட்டும். அப்புறம் பாருங்க."

ஆக, இந்த ஞாயிறு மகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார் ஆதிகேசவன். அழுது வீங்கிய முகம் அவளுக்கு. அம்மா தமயந்தி பஸ்ஸில் கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரிசையில் இவர்களுக்கு முன்னால் ஏழெட்டுக் குழந்தைகள். மண்டபமே வாயைப் பிளந்து குழந்தைகளைப் பார்த்தது. சுப்ரியா அம்மாக்களைப் பார்த்தாள். புதிதாக வந்த அம்மாவைக் கன்னி மூலையில் நிற்கச் சொன்னார் கோவிந்தப்பா. அங்கே துடைப்பம். தட்சிணை வைத்துத் தோஷம் கழித்துவிட்ட அம்மாவை ஈசானிய மூலையில் நிறுத்தினார். அங்கே சோதனைக் குழாய்.

"ப்பா, போன வாரம் அம்மா எங்க நின்னாங்க?"

"அந்தத் தொடப்பத்துக்குப் பின்னாடி. குருஜிதான் நிக்கச் சொன்னாரு. இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மா."

கிஷோரின் முறை வந்தது. "தாயார் ஈசானியத்துக்கு வாம்மா. பாப்பா, நீ சொல்லு," என்றார் கோவிந்தப்பா.

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாத்துக்கறேன்," என்றாள் சுப்ரியா. "ம்மா, நீ அங்க போகாத. பந்துக்குப் பின்னாடி நில்லு."

தமயந்தி யோசிக்கவே இல்லை. போய் நின்றாள். கிஷோர் பந்தை எடுத்தான். அவள் கரண்டிப் பக்கம் நகர்ந்தாள். பந்தைப் போட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தான். ஆட்டோவுக்குப் பின்னால் போனாள். ஆட்டோ கைக்கு வந்தது. எதிர்காலம் இவ்வளவு வேகமாக மாறுவதைப் பெங்களூரில்கூட யாரும் பார்த்ததில்லை.

"சந்தேகப்பட்டா யோகம் கலைஞ்சிடும்," என்றார் கோவிந்தப்பா. விபூதி வியர்வையில் கரைய ஆரம்பித்தது.

"அப்போ நம்பறவர வெச்சிப் பாக்கலாம் சார். ப்பா, நீங்க குழாய்க்குப் பின்னாடி நில்லுங்க."

ஆதிகேசவன் நின்றார். கை தட்டினார், சாவிக்கொத்தை ஆட்டினார், "கண்ணு, ராஜா" என்று கெஞ்சினார். கிஷோர் அப்பாவைப் பார்த்து அழகாகச் சிரித்தான். சிரித்துவிட்டுத் திரும்பி அம்மாவை நோக்கித் தவழ்ந்தான். தமயந்தி இப்போது கோவிந்தப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கிஷோர் கோட்டைப் பிடித்து எழுந்தான். அவர் பதறிக் குனிய, தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். அது இரண்டாக வந்தது. பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்.

"அய்யோ பாவம், பையன் குருஜியாத்தான் ஆவான் போலக்குது," என்றாள் ஒரு அம்மா.

மண்டபம் சிரித்தது. பிறகு மற்ற அம்மாக்களும் இடம் மாறி மாறி நின்று பார்த்தார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். யோகம், தோஷம் எல்லாம் அம்மாக்கள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றின. பிரம்ம விஞ்ஞானி, வாங்கிய தட்சிணைகளை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்படி வழியாக இறங்கினார். அவசரத்தில் கழற்றிப் போட்ட கோட்டை எடுத்துப்போக மறந்துவிட்டார்.

மகளைப் பார்க்கவே ஆதிகேசவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"முகாம் என்னிக்கும்மா?"

"வர்ற திங்கக்கெழம ப்பா."

"நானே கொண்டுபோயி வுடறேன்."

சுப்ரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தமயந்தியும் அப்போதுதான் கணவரிடம் பேசினாள். என்ன பேசினாள் என்பதை எழுதினால் ஆதிகேசவனுக்கு மரியாதையாக இருக்காது.

பத்து மாதக் குழந்தை அம்மா நிற்கிற பக்கம் தவழ்கிறது. அதில் தப்பில்லை, அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அறுபது கிலோ ஆசாமிகள் வெள்ளைக் கோட்டு நிற்கிற பக்கம் தவழ்ந்தால் அதற்கு என்ன பெயர்? நடக்கத்தான் பழகிவிட்டோமே ஐயா, யோசிக்கவும் கொஞ்சம் பழகிப் பார்க்கலாம்.