சரிகை கட்டிய பாட்டுப் பெட்டி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
பங்குனி மாதம், 1973.

மெட்ராசில் கிட்டாரும் கையுமாக இருக்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி கலியாணசுந்தரத்துக்கு, ஏகாம்பரநாதர் கிருபையால் சகல சௌபாக்கியமும் உண்டாவதாக. இங்கு நானும் உன் அக்காள் அலமுவும் எங்கள் பெண் மங்கையர்க்கரசியும் சுகம். சுகம் என்று எழுதுவது கடிதத்துக்குச் செய்யும் மரியாதை. உண்மையில் இந்த வீட்டில் சுகமாக இருப்பது நீ ஆரம்பித்து வைத்த அந்தப் பெட்டி ஒன்றுதான். ஆகவே கடிதம் கண்டதும் முதல் பஸ் பிடித்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகவும். வராவிட்டால் வேகவதி ஆற்றில் போட்டுவிடுவேன். ஆற்றில் ஏது தண்ணீர் என்று நீ சிரிப்பாய். மணலைத் தோண்டிப் புதைத்துவிடுவேன்.

பொங்கலுக்கு நீ உன் பேண்டு அந்தோணி மாஸ்டரின் பெட்டியோடு வந்து இறங்கினாய். கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் சீமைப் பெட்டி, உள்ளே வால்வு, இப்போது அந்தக் கம்பெனிக்காரனே இந்த மாதிரி செய்வதில்லை, எனக்கென்று ஒன்று இல்லாவிட்டால் மாஸ்டர் பேண்டை விட்டு அனுப்பிவிடுவார் என்று அழாத குறையாகச் சொன்னாய். சொன்னதோடு விட்டாயா? "மங்க, இதே மாதிரி அச்சு அசலா ஒண்ணு செஞ்சு குடேம்மா" என்று அவளிடம் கேட்டும் வைத்தாய். அவளைத் தபாலில் ரேடியோ ரிப்பேர் படிக்கச் சேர்த்தவனும் நீதான். நீ சாப்பிட்டுத் தூங்கி எழுவதற்குள் அவள் பெட்டியின் முதுகைக் கழற்றி, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று வாசல் கோலம் மாதிரி வரைந்து முடித்துவிட்டாள்.

அன்று பிடித்தது சனி. கடையில் விற்கும் டிரான்ஸ்பார்மரில் சீமைப் பெட்டியின் சத்தம் வராதாம், தானே சுற்ற வேண்டுமாம். எதில் சுற்றினாள் என்கிறாய்? நான் பட்டு சுற்றும் இராட்டையில், செம்புக் கம்பியை. மிச்சக் கம்பியை, நான் சரிகை சுற்றி வைக்கும் தார்க்குச்சியில் சுற்றித் தறிப் பக்கம் வேறு வைத்துவிட்டாள். நான் அதைப் புதுச் சரிகை என்று நம்பித் தறி நாடாவில் போட்டு, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் முந்தானையில் ஒரு விரற்கடை நெய்தும்விட்டேன். "இன்னாங்க, முந்தான வேலி கட்டுனாப்ல வெறச்சிக்கினு நிக்குது?" என்று அலமு கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரித்தெடுக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று. மகளைத் திட்டலாம் என்று போனால், "பாத்தியாப்பா, சரிகைக்கும் செம்புக்கும் உனக்கே வித்தியாசம் தெரியல" என்கிறாள்.

அப்புறம் மங்கையின் பெட்டி எழுந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் உறுமியது. ஏன் உறுமுகிறது என்றால், "அசல் பெட்டியும் உறுமுதுப்பா. உறுமலன்னா அது காப்பியே இல்ல" என்கிறாள். இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. அதன் இரண்டு கால் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் பெட்டி பரம சாது. திருப்பிச் செருகினால், உள்ளே இருக்கும் இரும்புத் தட்டைத் தொட்டவர் கையில் சுரீர் என்று ஷாக். அதுவும் அசலில் உள்ளதாம். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தெரிய, பிளக்குக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

என் பங்கையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பெட்டியின் முன்பக்கம் ஸ்பீக்கரை மூட மங்கை பருத்தித் துணிதான் கேட்டாள். என் வீட்டுப் பொருள் மெட்ராஸ் மேடை ஏறப்போகிறது, அதைப் பருத்தியோடு அனுப்பினால் இந்தத் தெருவில் நான் தலைகாட்ட முடியுமா? அரக்குப் பட்டில் அசல் சரிகைக் கட்டம் போட்டு நெய்தேன். "சரிகை வேணாம்பா, சொன்னா கேளு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நீ உன் வேலையப் பாரும்மா" என்று நானே இழுத்துக் கட்டி ஆணியும் அடித்தேன். ஓர் ஆணி உள்ளே போய் அந்த இரும்புத் தட்டைத் தொட்டுக்கொண்டு நின்றதை நான் கண்டேனா?

போன ஞாயிற்றுக்கிழமை, நீ பார்த்துச் சொன்ன வேலூர் சம்பந்தம், அதுதான் பட்டுக்கடை நீலாம்பாள் அம்மாள், மகனோடு பெண் பார்க்க வந்தார். இதைவிட நல்ல இடம் நமக்கு அமையாது என்று உன் அக்காள் வேண்டாத சாமி இல்லை. வீட்டில் ஒரு தூசு இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் துடைத்தவள், பிளக்கின் பொட்டையும் துடைத்துவிட்டாள். காப்பி வந்தது, கேசரி வந்தது, மங்கையும் வந்து நமஸ்காரம் பண்ணினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையன் பெட்டியைப் பார்த்து, "இது பாடுங்களா?" என்று கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே எழுந்து போய்ப் பிளக்கைச் செருகினேன்.

நீலாம்பாள் அம்மாளின் கண்ணோ துணியின் மேல். "போன மாசந்தான் ஒருத்தன் பிளாஸ்டிக் சரிகைய என் தலையில கட்டிட்டுப் பூட்டான். இதுவும் டூப்ளிகேட்டா இன்னா?" என்று கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். "ஐயோ, கடிச்சிடுச்சி!" என்ற அலறல்தான் கேட்டது. டம்ளர் பறந்து காப்பி முழுவதும் என் வேட்டியில். பையன் தாவிப் பிளக்கைப் பிடுங்கினான். "எர்த் போடலீங்களா?" என்று மங்கையைக் கேட்டான். "அசல்லயே இல்லீங்க" என்றாள் அவள். பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நான் காலில் விழுந்திருக்க வேண்டாமா? என் காதில் டூப்ளிகேட் என்ற ஒரு சொல்தான் நின்றது. "டூப்ளிகேட்டா? பிளாஸ்டிக்ல கரண்ட் பாயுமாம்மா? அசல் வெள்ளிச் சரிகை, அதான் பாயுது! நம்பிக்க இல்லன்னா இன்னொரு வாட்டி தொட்டுப் பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

தொட்டுப் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து உன் அக்காள் என்னோடு பேசுவதில்லை, குழம்பில் உப்பும் போடுவதில்லை. மங்கை அந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெற்ற பெண்ணின் வாழ்வை என் வாயாலேயே கெடுத்தேனே என்று நினைத்தால் தறியில் உட்கார முடியவில்லை. பெட்டி கண்ணில் படும்போதெல்லாம் அந்த அலறல் கேட்கிறது. ஆகவே தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போய்விடு.

உன் கிட்டார் கம்பி அறாமலும், உடம்பு ஆரோக்கியமாகவும், அந்தோணி மாஸ்டர் மனம் குளிர்ந்தும் இருக்க காமாட்சி அருள்வாளாக.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
திருஞானசம்பந்தம்.

பின்குறிப்பு: பெட்டிக்காக நீ வர வேண்டாம். கடிதத்தை ஒட்டக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது வேலூரிலிருந்து ஆள் வந்தான். நீலாம்பாள் அம்மாளுக்குச் சம்மதமாம், வைகாசியில் முகூர்த்தமாம். சீராகப் பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாமாம், அந்தப் பெட்டி மட்டும் பெண்ணோடு வர வேண்டுமாம். இனிமேல் கடைக்குப் புடவை கொண்டுவருகிறவன் எவனாக இருந்தாலும் அவன் சரிகையைப் பெட்டியில் கட்டி, அவனையே தொடச் சொல்வாராம்; ஷாக் அடித்தால் அசல், அடிக்காவிட்டால் பிளாஸ்டிக். ஷாக்கை மட்டும் ரிப்பேர் செய்துவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பிடுங்கிய ஆணியைத் திரும்ப அடித்துவிட்டேன். குழம்பில் உப்பு வந்துவிட்டது. உனக்கு மங்கை வேறு பெட்டி செய்து தருகிறாளாம், வால்வு வாங்கி அனுப்பு. எர்த்தைப் பற்றிக் கேட்ட மாப்பிள்ளையை மங்கைக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்து, "அப்பா, போலியா செய்ற செம்புச் சரிகைலயும் கரண்ட் பாயும்பா. அவங்க கிட்ட சொல்லிடட்டா?" என்று கேட்டாள். "தாலி ஏறட்டும்மா, அப்புறம் சொல்லு" என்றேன். "அப்ப என் சால்டரிங் அயர்னும் சீரோட வரும்" என்றாள். ஒத்துக்கொண்டேன். நீயும் வாயைத் திறக்காதே.